இடைக்கால ஐரோப்பாவில் அரசனின் கை கிராமம் வரை நீண்டது எப்படி?

கேள்வி இதுதான்: "பிளேக்கில் பாதி ஜனம் செத்துப்போனதால்தான் ஐரோப்பாவில் பண்ணையடிமை முறை ஒழிந்து வலுவான அரசுகள் எழுந்தன என்று படித்தேன். சிலுவைப் போர்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள், விவசாயத்தில் வந்த மாற்றம் என்று வேறு சிலர். எது சரி?"

மூன்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து 'இதுதான்' என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம், ஆனால் பதில் தப்பாகிவிடும். முதலில் அந்தக் காலத்தில் அரசு என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1100-ஐ ஒட்டி, பிரான்சின் அரசன் பெரிய நிலக்காரர்களில் ஒருவன், அவ்வளவுதான். சொந்தப் பண்ணைகளின் வருமானத்தில் வாழ்ந்தான். பரிவாரத்தோடு ஒரு பண்ணைக்குப் போய், அங்கே விளைந்ததைத் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த பண்ணைக்குக் கிளம்பினான். இங்கிலாந்தில் நிலத்தின் மேல் பழைய வரி ஒன்று இருந்தது. 1162-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. ஒரு சாதாரண உழவன் பிறந்து வளர்ந்து சாகும்வரை அரசனுடைய ஆள் ஒருவனைக்கூட நேரில் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

350 ஆண்டு கழித்துப் பாருங்கள். அதே நாடுகளில் அரசன் எல்லோரிடமும் வரி வாங்குகிறான், அறுப்புக்காரனின் கூலி எவ்வளவு என்று சட்டம் போடுகிறான், பிரான்சில் சம்பளம் கொடுத்து நிரந்தரப் படையே வைத்திருக்கிறான். இடையில் என்ன நடந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. சிலுவைப் போர், அதாவது ஜெருசலேமுக்காகவும் மதத்தின் பெயரிலும் போப் அறிவித்த மதப்போர், வரி வசூலிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தது. எவ்வளவு வசூலிக்க முடியும் என்பதை விவசாயம் தீர்மானித்தது. கொள்ளைநோய் அந்த வித்தையைக் கிராமத்துக்குள் இழுத்து வந்தது. ஆனால் பிளேக் வந்தபோது கருவி ஏற்கெனவே கையில் இருந்தது என்பதை மறந்தால் கதை புரியாது.

விவசாயத்திலிருந்து தொடங்குவோம். மத்தியதரைக் கடலோரத்து மண் லேசானது. மேலாகக் கீறிவிடும் சின்ன ஏர் போதும். வட பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் மண் களிமண், ஈரம் ஜாஸ்தி. அங்கே மண்ணை ஆழமாக வெட்டி ஒரு பக்கமாகப் புரட்டிப்போடும் கனமான கலப்பை வேண்டும். அதை இழுக்க நான்கு முதல் எட்டு எருதுகள். எட்டு எருது சொந்தமாக வைத்திருந்த குடியானவன் அபூர்வம். ஆகவே ஆளுக்கு ஒன்று இரண்டு என்று மாட்டைக் கூட்டுச் சேர்த்து உழுதார்கள். அவ்வளவு நீளமான ஏரைத் திருப்புவது பெரும்பாடு என்பதால் வயல்கள் ஒடுங்கிய நீளப் பட்டைகளாக இருந்தன. ஊர் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்த காலத்து பார்லியோ ஓட்ஸோ பயறோ, மூன்றாவது தரிசு என்று சுழற்றினார்கள். இதையெல்லாம் தனி ஆள் முடிவு செய்ய முடியாது. எப்போது உழுவது, எப்போது மாட்டை அறுத்த வயலில் மேயவிடுவது என்று ஊரே கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். அரசனுக்குப் பின்னால் பெரிதும் பயன்பட்டது இதுதான்: கூட்டாகப் பொறுப்பேற்கப் பழகிய கிராமம் ஒன்று அங்கே தயாராக இருந்தது.

இன்னொரு பக்கம், மகசூல் பரிதாபமாக இருந்தது. ஒரு படி கோதுமை விதைத்தால் நான்கு படி வந்தால் பரவாயில்லை ரகம். அதில் ஒரு படி விதைக்கு எடுத்து வைக்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகமாகக் கோயிலுக்கு. நிலப்பிரபுவுக்குக் குத்தகையோ இலவச உழைப்போ தனி. இதெல்லாம் போக மிஞ்சுவதில்தான் குடும்பமும் சாப்பிட வேண்டும், அரசனும் கை வைக்க வேண்டும். இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியம் 1086-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, ஊருக்கு ஊர் கேட்ட முக்கியமான கேள்வி 'எத்தனை ஏர்?' என்பது. எத்தனை ஏர் இருக்கிறது, எத்தனைக்கு இடமிருக்கிறது என்று இரண்டையும் கேட்டார்கள். ஒரு எருது, ஒரு பசு, ஒரு பன்றிகூட விடுபடவில்லையே, வெட்கக்கேடு என்று அந்தக் காலத்து மடத்துத் துறவி ஒருவர் புலம்பி எழுதி வைத்திருக்கிறார்.

சரி, கணக்கு எடுத்தாகிவிட்டது. ஆனால் நிலத்தைத் தாண்டி, ஆளாளுக்கு என்ன வருமானம், வீட்டில் என்ன பொருள் என்று பார்த்து வரி போடும் துணிச்சல் அரசர்களுக்கு எப்படி வந்தது? இங்கேதான் சிலுவைப் போர் வருகிறது. என் பார்வையில் இந்தப் பகுதிக்குப் பாடப் புத்தகங்களில் போதிய இடம் கிடைப்பதில்லை.

1187 அக்டோபரில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட முஸ்லிம் சுல்தான் சலாவுதீன், கிறிஸ்தவர்கள் கையிலிருந்த ஜெருசலேமைப் பிடித்தார். அதை மீட்கப் படை கிளம்ப வேண்டும் என்று 1188-ல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஒரு வரி போட்டார். வருமானத்திலும் அசையும் சொத்திலும் பத்தில் ஒரு பங்கு. மக்கள் இதைச் சலாவுதீன் தசமபாகம் என்றே அழைத்தார்கள். வசூலித்த முறையைக் கவனியுங்கள். ஒரு மாதாகோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தைப் பங்கு என்பார்கள்; அந்தப் பங்கே வசூல் வட்டாரம். பங்குத்தந்தை முன்னால் உட்கார்ந்திருப்பார். சிலுவைப் போர் வீரர்களின் துறவற சபைகளான டெம்ப்ளர் சபையிலிருந்து ஒருவர், ஹாஸ்பிட்டலர் சபையிலிருந்து ஒருவர், அரசனின் ஆள், ஆயரின் (பிஷப்பின்) குமாஸ்தா எல்லோரும் சுற்றி இருப்பார்கள். இவன் குறைத்துச் சொல்கிறான் என்று சந்தேகம் வந்தால், அதே பங்கைச் சேர்ந்த நாலு அல்லது ஆறு நம்பகமான ஆட்களைச் சத்தியம் செய்யவைத்து, அவன் உண்மையில் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனே சாட்சி! வீரனுக்கு ஆயுதமும் குதிரையும் விலக்கு. குருமாருக்குப் புத்தகமும் பூசை உடையும் விலக்கு. சிலுவைப் போருக்குப் போகிறேன் என்று சத்தியம் செய்த வீரர்களும் குருமாரும் வரியே கட்ட வேண்டாம். தராதவர்களைத் திருச்சபையிலிருந்தே நீக்கிவிடுவோம் என்ற மிரட்டல் வேறு. நகரத்துப் பணக்காரர்களைத் தனியாகப் பட்டியல் போட்டு வரவழைத்து, முரண்டு பிடித்தவர்களை ஹென்றி சிறையிலும் போட்டார்.

ஒரு அரசன் தன் சொந்தப் போருக்கு இப்படிக் கேட்டிருந்தால் அடிதடியாகியிருக்கும். கடவுள் பெயரைச் சொன்னதால் ஓரளவு நடந்தது. அப்போதும் பிரான்சில் இரண்டாம் பிலிப் இதே வரியைப் போட்டு, எதிர்ப்பு தாங்காமல் அடுத்த ஆண்டே கைவிட்டார். ஆனால் இங்கிலாந்தில் கற்ற பாடம் வீணாகவில்லை. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ஹென்றியின் மகன் ரிச்சர்ட் சிறைபிடிக்கப்பட்டபோது, 1193-ல் மீட்புப் பணத்துக்கு வருமானத்திலும் அசையும் சொத்திலும் நாலில் ஒரு பங்கு கேட்டார்கள். 1207-ல் தம்பி ஜான், ஜெருசலேம், மீட்புப் பணம் எதுவும் இல்லாமலே, பிரான்சில் இழந்த நிலத்தை மீட்க என்று பதின்மூன்றில் ஒரு பங்கு வசூலித்தார். புனிதக் காரணம் கழன்று விழுந்தது, கருவி மட்டும் அரசனிடம் தங்கிவிட்டது.

கூடவே எதிர்வினையும் வந்தது. 1215-ல் ஜானிடம் பிரபுக்கள் எழுதி வாங்கிய மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் இருந்த நிபந்தனைகளில் ஒன்று, நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் இப்படிப்பட்ட உதவிப் பணம் கேட்கக் கூடாது என்பது. அந்த ஆலோசனைக்கூட்டம்தான் மெல்ல மெல்ல நாடாளுமன்றமாகியது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் பிறப்பில் சலாவுதீனுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

போப்பாண்டவர்களும் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டார்கள். 1199-ல் மூன்றாம் இன்னொசென்ட், குருமாரின் வருமானத்தில் நாற்பதில் ஒரு பங்கைச் சிலுவைப் போருக்கு என்று கேட்டார். பிற்பாடு அது பத்தில் ஒன்றானது. அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையை அரசர்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் வந்தது. அரசர்கள் கிழக்கே போகாமல் பக்கத்து நாட்டோடு சண்டை போட்டுச் செலவழித்தார்கள். 1296-ல் எட்டாம் போனிஃபாஸ், எங்கள் அனுமதி இல்லாமல் குருமாரிடம் வரி வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பிரான்சின் நான்காம் பிலிப் பதிலுக்குப் பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டு வெளியே போகாதபடி தடுத்தார். போப்பின் வருமானம் அடிபட்டது, அடுத்த ஆண்டே இறங்கி வந்தார். யார் கை ஓங்கியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மதப்போர் கடல் தாண்டி மட்டும் நடக்கவில்லை. தென் பிரான்சில், துலூஸ் பிரபுவின் ஆட்சிப்பகுதியில் கத்தார் என்ற மாற்றுக் கிறிஸ்தவப் பிரிவு பரவியிருந்தது. 1208-ல் அங்கே போப்பின் தூதர் கொல்லப்பட, கிறிஸ்தவ நாட்டின் மீதே சிலுவைப் போர் அறிவிக்கப்பட்டது. 1209 ஜூலையில் பெசியே நகரம் சூறையாடப்பட்டது. முதலில் அரசன் ஒதுங்கித்தான் இருந்தார். 1226-ல் எட்டாம் லூயி தானே படையோடு இறங்கினார். 1229-ல் பாரிசில் ஒப்பந்தம்: துலூஸ் பிரபுவின் மகள் புதிய அரசனின் தம்பியை மணக்க வேண்டும். இருவரும் 1271-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார்கள், முழு நிலமும் அரசனிடம் வந்து சேர்ந்தது. பாரிஸ் அரசனுக்கு மத்தியதரைக் கடற்கரை கிடைத்தது இப்படித்தான். கத்தார்களை ஒழிக்கக் கிளம்பிய போரில் மிகப் பெரிய லாபம் யாருக்கு என்று பார்த்தால், போப்பைவிட பிரெஞ்சு அரசனுக்குத்தான். எட்டாம் லூயியின் மகன் ஒன்பதாம் லூயி, எகிப்துக்குச் சிலுவைப் போருக்குப் போகும் முன் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள விரும்பி, 1247-ல் நாடெங்கும் விசாரணை ஆட்களை அனுப்பினார். அரசாங்க ஆட்கள் உங்களிடம் அநியாயமாக எதையாவது பிடுங்கினார்களா என்று சாமானிய மக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பக்தி காரணமாகத் தொடங்கியதுதான். ஆனால் தன் அதிகாரிகளை அரசனே தணிக்கை செய்யும் ஏற்பாடாக அது முடிந்தது.

இவ்வளவு வளர்ந்த அரசு, மழை அதிகம் பெய்தால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 1315-ல் வசந்தத்திலிருந்து விடாத மழை. விதை அழுகியது, வைக்கோல் காயவில்லை, உப்பளங்களில் உப்பு எடுக்க முடியவில்லை. பிரான்சின் வட எல்லையை ஒட்டிய பிளாண்டர்ஸ் மீது படையெடுத்த பிரெஞ்சு அரசன் பத்தாம் லூயியின் படை சேற்றில் சிக்கித் திரும்பியது. அதே ஆகஸ்டில் இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்ட் செயின்ட் ஆல்பன்ஸில் தங்கியபோது அரச பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது திண்டாட்டமானது. இறைச்சிக்கும் கோழிக்கும் விலை வரம்பு போட்டார்கள். சந்தையில் சரக்கே காணாமல் போனது, 1316-ல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். பஞ்சம் 1317 வரை நீடித்தது. போதாததற்கு 1319-ல் மாட்டு நோய் வந்து ஏர் இழுத்த எருதுகளைச் சாய்த்தது. வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு விளைச்சலின் மேல் எந்தப் பிடியும் இருக்கவில்லை.

அப்புறம் பிளேக். 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகம், 1348 கோடையில் இங்கிலாந்தின் தென்கரை. மூன்று நான்கு ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மக்கள் செத்தார்கள். நிலம் அப்படியே கிடந்தது, உழ ஆள் இல்லை. மிஞ்சிய ஆட்கள் இரண்டு மடங்கு கூலி கேட்டார்கள். தராவிட்டால் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

மூன்றாம் எட்வர்டின் அரசாங்கம் எவ்வளவு வேகமாகப் பதில் கொடுத்தது என்று பாருங்கள். நோய் இன்னும் வடக்கே பரவிக்கொண்டிருக்கும்போதே, 1349 ஜூனில் உத்தரவு வந்துவிட்டது: 60 வயதுக்குக் கீழே, உடம்பில் தெம்புள்ள, சொந்த நிலமோ தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும், யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும், கூலி நோய்க்கு முந்தைய அளவில்தான். தெம்புள்ள பிச்சைக்காரனுக்கு யாரும் பிச்சை போடக் கூடாது. 1351-ல் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கி, விலைப்பட்டியலே போட்டது. அறுப்புக்காரனுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாளுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரம் 3 பென்னி, சாப்பாடு கிடையாது. தலைமைத் தச்சனுக்கு 3 பென்னி. கூலிக்காரர்கள் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தை ஊரில் பகிரங்கமாக நின்று வேலைக்கு அமர வேண்டும், மறைவிடத்தில் பேரம் பேசக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் தொழுமரத்தில் கால் மாட்டி மூன்று நாள் உட்காரவைப்பார்கள். அதற்காகவே ஊருக்கு ஊர் தொழுமரம் செய்து வைக்க உத்தரவு.

இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. அதிகக் கூலி வாங்கியவர்களிடம் வசூலித்த அபராதத்தை, அந்த வட்டாரம் அரசனுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள விட்டார்கள். ஆக, ஊரில் வரி கட்டும் நிலைமையிலுள்ளவர்களுக்குக் கூலிக்காரனைக் காட்டிக்கொடுத்தால் தங்கள் வரி குறையும். 1188-ல் பக்கத்து வீட்டுக்காரனைச் சாட்சி சொல்லவைத்த அதே உத்தி. சட்டத்தை நடத்திவைத்தவர்கள் உள்ளூர் நிலக்காரர்கள்; 1361-லிருந்து அவர்களே 'சமாதான நீதிபதி' என்ற பெயரில் நிரந்தரமாக அமர்ந்தார்கள். சம்பள ஆட்களை வைக்காமலே அரசன் கிராமத்துக்குள் நுழைந்துவிட்டான். கூலி என்னவோ ஏறத்தான் செய்தது. சட்டத்தை ஆதரித்த நிலக்காரனே அறுப்பு நேரத்தில் ரகசியமாக அதிகம் கொடுத்து ஆளைப் பிடித்தான்.

அடுத்து வந்தது தலைவரி. 1377-ல் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் 4 பென்னி. 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கட்டினார்கள். 1381-ல் தலைக்கு 12 பென்னி. கட்டியவர்கள் 9 லட்சத்தை ஒட்டித்தான். நான்கு ஆண்டில் அவ்வளவு பேர் செத்துவிடவில்லை. ஊரே சேர்ந்து மறைத்துவிட்டது. பட்டியலில் கல்யாணமாகாத பெண்கள், விதவை அம்மாக்கள், வேலைக்காரச் சிறுவர்கள் திடீரென்று காணாமல் போயிருந்தார்கள். சரிபார்க்க ஆட்களை அனுப்பினார்கள். மே 30-ம் தேதி எசெக்ஸில் பிரென்ட்வுட்டில் கலகம் வெடித்தது. இரண்டு வாரத்தில் கென்ட், எசெக்ஸ் உழவர்கள் லண்டனுக்குள் இருந்தார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் தேடிக் கொளுத்தியது பண்ணை நீதிமன்றங்களின் பதிவேடுகளை; யார் யாருக்கு அடிமை, என்ன வேலை செய்யக் கடன்பட்டவன் என்று எழுதியிருந்தது அங்கேதான். அரசாங்கக் கருவூலத்துக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஹேல்ஸை லண்டன் கோட்டையிலிருந்து இழுத்து வந்து தலையை வெட்டினார்கள். அவர் யார் தெரியுமா? சிலுவைப் போர் வீரர் சபையான ஹாஸ்பிட்டலர்களின் இங்கிலாந்துத் தலைவர்.

கலகம் நசுக்கப்பட்டது. தலைவர் வாட் டைலர் அரசன் கண்ணெதிரே கொல்லப்பட்டார்; 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. ஆனாலும் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அங்கே பண்ணையடிமை முறை தானாகக் கரைந்தது, ஏனென்றால் ஆள் பஞ்சம் தீரவில்லை. பிளேக் திரும்பத் திரும்ப வந்தது. குடியானவன் ரொக்கக் குத்தகை கட்டி நிலத்தை வைத்துக்கொண்டான்.

பிரான்சில் இதே நோய்க்குப் பிறகு கதை வேறு வழியில் போனது. 1356-ல் அரசன் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிக்க, 30 லட்சம் பொற்காசு மீட்புப் பணத்துக்கென்று போட்ட வரிகள் நிலைத்துவிட்டன. 1439-ல் குடியானவர்கள் மீது நேரடி வரி போடும் உரிமை அரசனுக்கு மட்டும் என்றானது, 1445-ல் நிரந்தரப் படை வந்தது. பிரபுக்கள் தங்களுக்கு வரி விலக்கு வாங்கிக்கொண்டு அமைதியானார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பிளேக் பண்ணையடிமை முறையை ஒழித்தது என்றால், ஜெர்மனியில் ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே ஏன் நேர்மாறாக நடந்தது? பால்டிக் கடலோரத்துப் பிரஷ்யாவைப் பாருங்கள். 1230-ஐ ஒட்டி டியூட்டானிக் வீரர் சபை என்ற ஜெர்மன் சிலுவைப் போர் வீரர் சபை அங்கே போனது. 50 ஆண்டு போரிட்டு, கிறிஸ்தவரல்லாத பிரஷ்யர்களை அடக்கியது. சபையே நாட்டை ஆண்டது. மேற்கிலிருந்து ஜெர்மன் உழவர்களைச் சலுகை கொடுத்துக் கூட்டிவந்து குடியேற்றியது. மதப்போர், கனமான கலப்பை, அரசு மூன்றும் ஒரே கையில். முதலில் வந்த உழவனுக்கு நல்ல காலம்தான்: குறைந்த வரி, சொந்த ஊர்ச் சட்டம். ஆனால் லிதுவேனியா 1387-ல் கிறிஸ்தவத்துக்கு மாறியதும் போர் நடத்தக் காரணமே இல்லாமல் போனது. 1410-ல் போலந்து-லிதுவேனியப் படையிடம் தோற்ற சபைக்குக் கடன் ஏறியது. 1525-ல் சபைத் தலைவர் ஆல்பிரெக்ட், மார்ட்டின் லூத்தரின் புராட்டஸ்டன்ட் பிரிவுக்கு மாறி, சபையின் நாட்டைத் தன் பரம்பரைச் சொத்தாக்கிக்கொண்டார்.

பக்கத்தில் போலந்தில் 1496-ல் போட்ட சட்டப்படி, ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு குடியானவன்தான் வெளியேறலாம். 1520-ல் வாரம் ஒரு நாள் இலவச உழைப்பு கட்டாயமானது. காரணம் விஸ்துலா ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது: டான்சிக் துறைமுகத்திலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு ரை தானியம் கப்பல் கப்பலாகப் போனது, பண்ணைக்காரனுக்குக் கூலியில்லாத ஆள் தேவைப்பட்டது. அவனைத் தடுக்க வலுவுள்ள நகரங்களோ அரசனோ அங்கே இல்லை. 1505-க்குப் பிறகு பிரபுக்களின் சம்மதம் இல்லாமல் போலந்து அரசன் புதுச் சட்டமே போட முடியாது. இங்கிலாந்தில் நிலக்காரர்களுக்கும் ஆசை அதேதான், 1351 சட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் ஆள் திருடிக்கொண்டிருந்தார்கள், ஓடிப்போனவனைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை அரசன் அவர்களுக்காகச் செய்துதரவில்லை.